எடை குறைப்பு மையத்தில் 72,000 ரூபாய் விட்ட விளம்பரக்காரி

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் 14 வருடமாக வாசகம் எழுதுகிறேன். "30 நாளில் 8 கிலோ" என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வைத்து, அடியில் "பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும்" என்று எறும்பு எழுத்தில் சேர்ப்பதும் என் பிழைப்பில் அடக்கம். அப்படிப்பட்ட நானே அண்ணா நகர்ப் பக்கம் ஒரு எடை குறைப்பு மையத்தில் 72,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். அடுத்து போகப் போவது நீங்களாக இருக்கலாம்.

போனதற்குக் காரணம் ஆபீஸ். ஒரு அழகுசாதனப் பொருளுக்கு முழு விளம்பரத் திட்டத்தையும் நான்தான் எழுதினேன். க்ளையன்ட்டிடம் காட்டும் நாளன்று மேலாளர், "நீ எழுதிக் கொடுத்துடு, பேச அந்தப் பொண்ணு போகட்டும். பியூட்டி ப்ராண்ட் இல்லையா, லுக் பாப்பாங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, டீ வந்துடுச்சா என்று கேட்பதுபோலச் சொன்னார். "கொஞ்சம் பூசினாப்ல இருக்கே" என்று அம்மா வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறாள், அதெல்லாம் காதோடு போய்விடும். இது போகவில்லை. அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. "ஒல்லியான முகம், கோதுமை நிறம்" என்று பட்டுச் சேலை விளம்பரத்துக்கு மும்பையில் மாடல் கேட்டு மெயில் அனுப்புகிறவளே நான்தானே. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனபோதுகூட எங்கள் பக்கம் மாறியது சொல் மட்டும்தான். 'சிவப்பழகு' போய் 'பொலிவு' வந்தது. மாடல் தேர்வு அப்படியே.

சரி, மையத்துக்கு வருகிறேன். முதல் தடவை என் எடையை எப்போது பார்த்தார்கள் தெரியுமா? சாயங்காலம் ஏழு மணிக்கு. ஆபீஸ் கேன்டீனில் இரண்டு போண்டாவும் டீயும் உள்ளே போயிருந்தன. போட்டிருந்தது கனமான கைத்தறிக் குர்தா. 71.4 கிலோ காட்டியது. இடுப்பில் டேப்பைத் தளர்வாகப் பிடித்து, "மூச்சை விடுங்க மேடம்" என்றாள் மையத்தில் அளவெடுத்த பெண். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள், ஆனால் டாக்டர் இல்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன் என்றேன். "ஓகே மேடம்" என்று எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான். என் உயரம் 158 செ.மீ. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பிஎம்ஐ எண் 28.6 என்று கணக்குப் போட்டு, "இந்தியர்களுக்கு 23 தாண்டினாலே அதிக எடை" என்றாள். அது உண்மை, இங்கே டாக்டர்களும் அந்த அளவைத்தான் சொல்கிறார்கள். நான் விழுந்தது அந்த ஒரு உண்மையில்தான். உண்மையை முதலில் வைத்துவிட்டால் பின்னால் வருவதை யாரும் சோதிப்பதில்லை. என் விளம்பரத் தொழில் எனக்கே சொல்லிக் கொடுத்த பாடம் அது.

1,10,000 ரூபாய் பேக்கேஜ், இன்று மட்டும் 72,000. "இன்று மட்டும்" என்று நானே எத்தனை ஆடித் தள்ளுபடிக்கு எழுதியிருப்பேன்! மாதம் 6,000, 12 தவணை என்றார்கள். போனில் ஓடிபி வந்தது, படித்துச் சொன்னேன். மையத்துக்குத்தான் தவணை கட்டுகிறோம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் எடுத்த கடன். மையத்துக்கு முழுப் பணமும் முதலிலேயே போய்விட்டது. நான் பாதியில் நின்றாலும், அவர்களே கடையைச் சாத்திவிட்டுப் போனாலும், கடன் என் தலையில். ஓடிபி சொல்வதற்கு முன் அந்த எஸ்எம்எஸ்ஸை முழுசாகப் படியுங்கள். நான் எண்ணை மட்டும் பார்த்தேன்.

சூடான போர்வையில் 45 நிமிடம் சுற்றிப் படுக்க வைப்பார்கள். வேர்த்துக் கொட்டும். எழுந்ததும் எடை பார்த்தால் முக்கால் கிலோ குறைந்திருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வீட்டுக்கு வந்து சொம்புத் தண்ணீர் குடித்தால் போனது வந்துவிடும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும், அதைப் போர்வை செய்யாது. இரண்டாவது தடவையிலிருந்து எடை பார்த்ததெல்லாம் காலை வெறும் வயிற்றில், மெல்லிய கவுன் போட்டு. ஆறாவது தடவை சந்தேகம் வந்து, டேப் வைக்கும் இடத்தில் பேனாவால் சின்னப் புள்ளி வைத்துக்கொண்டு போனேன். டேப் அந்தப் புள்ளிக்கு இரண்டு விரல் மேலே போனது, இறுக்கமாகவும் போனது. காட்டினேன். "மேடம், இவ்ளோ டீப்பா போகாதீங்க" என்றாள்.

இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ குறைந்தது. அது அவர்கள் கொடுத்த அரைப்பட்டினிச் சீட்டின் வேலை. ஒரு மீட்டிங்கில் தலை சுற்றி உட்கார்ந்ததும் நிறுத்திவிட்டேன். உடனே எடை திரும்பியது.

பணத்தைக் கேட்டால் ரசீதின் பின்புறத்தைக் காட்டினார்கள். திருப்பித் தர முடியாதாம். அதோடு விட்டிருப்பேன். ஒரு தோழி இன்ஸ்டாகிராமிலிருந்து ஒரு படத்தை அனுப்பி, "இது நீதானே?" என்றாள். முகம் மறைத்திருந்தது, குர்தா என்னுடையது. ஏழாவது தடவை வரும்போது அதே குர்தாவைப் போட்டு வரச் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. இடது பக்கம் 'முன்', வலது பக்கம் 'பின்', பின்னதில் எனக்குக் கல்லூரிக் காலத்து இடுப்பு. எங்கள் ஆபீஸில் படங்களைத் திருத்தி மெருகேற்றும் ரீடச் தம்பியிடம் காட்டினேன். "அக்கா, பின்னாடி கதவு நிலையைப் பாருங்க" என்றான். இடுப்பை உள்ளே தள்ளியபோது நிலையும் சேர்ந்து வளைந்திருந்தது. "அதை நேராக்கக்கூட இல்ல, சோம்பேறிங்க" என்று தொழில்முறையில் வருத்தப்பட்டான். படத்தின் அடியில் நட்சத்திரக் குறி. பலன் ஆளுக்கு ஆள் மாறுபடுமாம்.

படத்தைப் பயன்படுத்தச் சம்மதம் என்று முதல் நாள் படிவத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. இடுப்பை மாற்ற நான் சம்மதிக்கவில்லையே என்று வக்கீல் நோட்டீஸ் விட்டேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்தேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகத் தயாராக இருந்தேன். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். உடல் பருமனைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது. 'பருமன்' என்ற சொல்லைத் தவிர்த்து 'இன்ச் லாஸ்', 'ஷேப்' என்று நாங்கள் எழுதுவது அதனால்தான்.

நான்கு நாளில் படத்தை எடுத்தார்கள். ஆறு வாரம் இழுத்து 31,000 ரூபாய் திருப்பித் தந்தார்கள். கடனில் இன்னும் ஐந்து தவணை பாக்கி. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி காலையில் 6,000 ரூபாய் கழிந்ததாக எஸ்எம்எஸ் வருகிறது. இப்போது முழுசாகப் படிக்கிறேன்.