கருத்தடை மாத்திரை: ரெண்டு வகையும் போட்டுப் பாத்துட்டேன், என் ஓட்டு விலை கம்மியான பழசுக்குத்தான்

ரெண்டு வருஷமா கருத்தடை மாத்திரை போடுறேன். முதல் எட்டு மாசம் ட்ரோஸ்பிரினோன்ங்கிற ஹார்மோன் இருக்குற புது வகை, அதுக்கப்புறம் இப்ப வரைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல்ங்கிற ஹார்மோன் 0.15 மி.கி, எதினைல் எஸ்ட்ராடயால்ங்கிற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் 0.03 மி.கி இருக்குற பழைய வகை.

புதுசு விலை ஜாஸ்தி, காசு ஜாஸ்தின்னா உடம்புக்கும் நல்லதாத்தான் இருக்கும்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். அத எழுதிக் குடுத்த க்ளினிக்ல பிபி கூட பாக்கல, சிகரெட் பழக்கம் இருக்கா, ஒத்தத் தலைவலி வருமான்னு ஒரு வார்த்த கேக்கல, இப்ப நினைச்சாலும் கோவமா வருது. அப்புறம் பாத்த டாக்டரம்மாதான் பிபி பாத்து, வீட்ல யாருக்காவது கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கான்னு கேட்டு, பொறுமையா விளக்கினாங்க. மாத்திரை போடாத 10,000 பொண்ணுங்கள்ல வருஷத்துக்கு சுமார் 2 பேருக்கு இப்படி ரத்தம் உறையும், லெவோநார்ஜெஸ்ட்ரல் வகை போடுறவங்கள்ல 5-லேர்ந்து 7, ட்ரோஸ்பிரினோன் வகையில 9-லேர்ந்து 12. கர்ப்பமா இருக்கும்போது அதவிட ஜாஸ்தியாம், அதனால பயந்து நடுங்க வேண்டியதில்ல, ஆனா விலை கூடின மாத்திரைலதான் ரிஸ்க்கும் கூடன்னு கேட்டப்போ எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு.

புதுசுல முகப்பரு நல்லா அடங்குச்சு, அத ஒத்துக்கணும். பழசுக்கு மாறினதும் முதல் ரெண்டு மாசம் நடுநடுவுல லேசா ரத்தம் பட்டுச்சு, அப்புறம் நின்னுருச்சு. செலவு பாதிக்கும் கீழ வந்துருச்சு. பழைய மருந்து, நிறைய கம்பெனி தயாரிக்குது, அதான் விலை கம்மி, தரம் கம்மின்னு அர்த்தம் இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே இந்த காம்பினேஷன் இருக்கு.

என் அட்டையில 21 வெள்ளை மாத்திரை, 7 பழுப்பு. பழுப்புல ஹார்மோன் கிடையாது, வெறும் இரும்புச்சத்து, பழக்கம் விட்டுப் போகாம இருக்கத்தான். ஒருநாள் நைட் பல்லு விளக்கிட்டு அட்டைய எடுத்தா முந்தின நாள் மாத்திரை குழியிலயே உக்காந்திருக்கு, வயிறு கலங்கிருச்சு. ஒண்ணு விட்டா ஞாபகம் வந்த உடனே போட்டுட்டு அன்னிக்குள்ளதையும் வழக்கமான நேரத்துக்குப் போட்டா போதும், ரெண்டோ அதுக்கு மேலயோ விட்டாதான் 7 நாளைக்கு காண்டமும் வேணும். மறக்காம போட்டா வருஷத்துல 100 பேர்ல கர்ப்பமாகுறது ஒருத்தருக்கும் கம்மிதான், நம்மள மாதிரி அப்பப்ப விட்டா அது 7 பேர் ஆயிரும்.

35 வயசு தாண்டி சிகரெட் பிடிக்கிறவங்க, பிபி ஜாஸ்தி இருக்குறவங்க, தலைவலிக்கு முன்னாடி கண்ணுல மின்னல் மாதிரி தெரியுறவங்க ஈஸ்ட்ரோஜன் இருக்குற இந்த வகைய தொடாதீங்க, ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை தனியா இருக்கு, அதக் கேளுங்க. டிபிக்கு ரிஃபாம்பிசினோ, சில வலிப்பு மாத்திரையோ சாப்பிட்டா இதோட வேலை கெட்டுப் போகும், டாக்டர்ட்ட மறைக்காம சொல்லுங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ திடீர்னு மூச்சு வாங்கினாலோ அது ரத்தம் உறைஞ்சதா இருக்கலாம், காலைல பாத்துக்கலாம்னு தூங்கப் போயிறாதீங்க, அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.