டுலோக்செடின்: மனச்சோர்வு மருந்து கால் எரிச்சலுக்கு எப்படி உதவுகிறது?

சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டு, இரவில் போர்வை பட்டாலே பாதம் எரிகிறது என்று துடிப்பவர்களுக்கு டுலோக்செடின் நம்பி எடுக்கத்தக்க மருந்து என்பதே என் அம்மாவுக்கு அதை வாங்கிக் கொடுத்துவரும் என்னுடைய கருத்து. ஆனால் மருந்துக்கடையில் யாரோ ‘இது மனநோய் மாத்திரை’ என்று சொல்லிவிட, அம்மா முதலில் அதைத் தொடவே மறுத்தார். வலியைத் தாங்கிக்கொண்டு இப்படி மருந்தை ஒதுக்கிவைப்பவர்கள் எத்தனை பேரோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களான செரோடோனின், நார்எபிநெஃப்ரின் ஆகிய இரண்டையும் நரம்பணுக்கள் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளாமல் இம்மருந்து தடுக்கிறது. மனநிலையோடு தொடர்புடைய இதே இரண்டு பொருள்களைக் கொண்டுதான், மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கும் நரம்புப் பாதைகள் மேலேறி வரும் வலியை மட்டுப்படுத்துகின்றன. ஆகவே மனச்சோர்வே இல்லாதவருக்கும் வலி குறைய வாய்ப்பு உண்டு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004ஆம் ஆண்டிலேயே மனச்சோர்வு, சர்க்கரை நோயின் நரம்பு வலி ஆகிய இரண்டுக்கும் இதை அனுமதித்தது. பிறகு ஃபைப்ரோமயால்ஜியா எனும் உடல் முழுதும் பரவிய நாள்பட்ட வலி, நாள்பட்ட கீழ்முதுகு வலி, மூட்டுத் தேய்மான வலி ஆகியவையும் சேர்ந்தன. நாள்பட்ட வலிக்கான மனச்சோர்வு மருந்துகள் குறித்து 176 ஆய்வுகளை அலசி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பாய்வில், மிக உறுதியான சான்று கிடைத்தது டுலோக்செடினுக்குத்தான். அந்த ஆய்வுகள் சராசரியாகப் பத்து வாரங்களே நடந்தவை என்பதையும் மறக்கக் கூடாது.

பொதுவாக 30 மில்லிகிராமில் தொடங்கி 60க்கு உயர்த்துவார்கள். வலிக்கு அதற்குமேல் கூட்டுவதால் பெரும்பாலும் கூடுதல் பலன் இல்லை, பக்கவிளைவுதான் கூடும். கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் சிறுமணிகள் வயிற்று அமிலத்தில் கெடாதபடி பூச்சிடப்பட்டவை என்பதால், விழுங்கச் சிரமப்படுகிறாரே என்று மென்றோ பொடித்தோ கொடுத்துவிடக் கூடாது. அம்மாவுக்குத் தொடக்கத்தில் குமட்டலும் வாய் வறட்சியும் இருந்தன. சாப்பாட்டுக்குப் பின் கொடுத்ததும் குமட்டல் தணிந்தது. எரிச்சல் படிப்படியாகத்தான் அடங்கியது, பாதத்தின் மரத்த உணர்வு அப்படியே இருக்கிறது. பழுதான நரம்பை இம்மருந்து சரிசெய்வதில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் வேலை நம்முடையதாகவே இருக்கிறது.

பாதுகாப்பில் கறாராக இருக்க வேண்டிய மருந்து இது. கல்லீரல் நோய் உள்ளவர்களும், மது அதிகம் அருந்துபவர்களும், சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகப் பாதிப்பு சாதாரணம் என்பதால், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை. வலிக்காகவே தரப்படும் டிராமடாலுடன் சேர்ந்தால் செரோடோனின் அளவு மீறி, நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பிரின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், மூட்டுவலி மாத்திரைகள் ஆகியவற்றோடு சேரும்போது இரத்தக்கசிவு அபாயம் கூடுகிறது. ரத்த அழுத்தம் உயரவும் கூடும். நீர் பிரியும் மாத்திரை எடுக்கும் முதியவர்களுக்குச் சோடியம் குறைந்து தலைசுற்றி விழ நேரலாம். இளைஞர்களுக்குக் கொடுக்கும்போது, தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று முதல் சில வாரங்கள் வீட்டார் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும்.

வலி விட்டதென்று தாமாகவே நிறுத்திவிடுவதைப் பற்றித்தான் எனக்குப் பெரும் கவலை. அடிமைப்படுத்தும் மருந்து அல்ல என்றாலும், திடீரென நின்றால் கிறுகிறுப்பும் எரிச்சல் குணமும், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும் வரக்கூடும். மருத்துவர் சொல்லும் படிநிலையில் சில வாரங்களாகக் குறைத்தே விட வேண்டும். தொடர்ந்து எடுப்பவர்கள், அட்டையில் கடைசிக் கேப்ஸ்யூல் மிஞ்சும்வரை காத்திராமல் அடுத்த அட்டையை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுவது நல்லது.