தொற்றா நோய்க்கு மாத்திரை: சுகாதார நிலையத்திலா, வீட்டு வாசலிலா?

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் இவர்களுக்கும் இரத்த அழுத்த நோயாளிகளுக்கும் அரசு மாத்திரைகளை இரு வழிகளில் இலவசமாக வழங்குகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரே நோயாளியைப் பார்த்து, இரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டு மருந்தின் அளவை மாற்றலாம்; பாதத்தில் ஆறாத புண் இருந்தால் அதுவும் கண்ணில் படும். ஆனால் வலியே தராத ஒரு நோய்க்காக மாதந்தோறும் ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்பவர், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். பின்னாளில் பக்கவாதமோ சிறுநீரகச் செயலிழப்போ வந்து, குடும்பத்தையே கடனில் தள்ளுவது இந்த இடைவெளியால்தான்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்த இடைவெளியையே குறிவைக்கிறது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து மாத்திரை தருகிறார். படுக்கையில் இருப்போருக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. எனினும், மருந்தை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை (இருக்கவும் கூடாது).

முதியோருக்கும் நடமாட இயலாதோருக்கும் இரண்டாவது வழியே பொருத்தமானது. புதிதாக நோய் கண்டறியப்பட்டவரோ, சர்க்கரையோ இரத்த அழுத்தமோ கட்டுக்குள் வரும்வரை மருத்துவரிடமே செல்ல வேண்டும்.