இடுப்பில் நான்கு ஆண்டுகள்: என் போட்டி ஹோல்ஸ்டர்

டெக்சாஸில், டாலஸ் நகரைத் தாண்டி உள்ள ஒரு சுடுதளத்தில் மாதம் இரண்டு முறையாவது யுஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்காவின் செயல்முறைத் துப்பாக்கிச் சுடுதல் சங்கம்) போட்டிகளில் சுடுகிறேன். என் பிரிவு கேரி ஆப்டிக்ஸ், அதாவது ஒளிப்புள்ளிக் குறிகாட்டி பொருத்திய கைத்துப்பாக்கிகளுக்கானது. துப்பாக்கி சிஇசட் ஷேடோ 2, அதன் மேல் ஒரு ரெட் டாட் (அந்தக் குறிகாட்டிதான்). நான்கு ஆண்டுகளாக இடுப்பில் இருப்பது ஒரே ஹோல்ஸ்டர். கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இந்தத் துப்பாக்கியின் அச்சில் அழுத்தி எடுத்த உறை அது. பிடிமானத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு ஸ்க்ரூ. வேறு பூட்டு எதுவும் இல்லை.

புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, ‘எந்த உறையிலிருந்து வேகமாக எடுக்கலாம்?’ என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். முதல் உறையையும் அந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே வாங்கினேன். பல மாடல்களுக்கும் பொருந்தும் என்று விற்ற மலிவான உறை. துப்பாக்கி லேசாக வர வேண்டும் என்பதற்காக அதன் ஸ்க்ரூவை நன்றாகத் தளர்த்தியும் வைத்தேன். வீட்டில் டைமரை வைத்துப் பழகியபோது நேரம் அழகாகக் குறைந்தது.

நான்காவது போட்டியில் நடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. என் முறை முடிந்து, அடுத்தவருக்காக இலக்குகளைச் சரிசெய்யும் நேரம். சாய்ந்து கிடந்த இரும்புப் பலகை ஒன்றை நிமிர்த்தக் குனிந்தேன். இடுப்பில் திடீரென்று கனம் குறைந்தது. அடுத்த நொடி சரளைக்கல்லில் இரும்பு விழுந்த சத்தம். கை தானாகவே கீழே போனது. "தொடாதீர்கள்! அப்படியே நில்லுங்கள்!" என்று ரேஞ்ச் ஆபீசர் போட்ட சத்தத்தில் விரல்கள் துப்பாக்கிக்கு ஒரு சாண் மேலே நின்றன. அவர் நிதானமாக வந்து எடுத்தார், திறந்து பார்த்தார், காலி என்று உறுதி செய்துகொண்டு என் உறையில் செருகினார்.

விதி அப்படி. சுடும் முறைக்கு வெளியே காலித் துப்பாக்கி கீழே விழுந்தால் குற்றமில்லை. ஆனால் அதை நீங்களே எடுத்தால் அன்றைய போட்டியிலிருந்தே வெளியேற்றப்படுவீர்கள். விழுந்த துப்பாக்கியை அதிகாரிதான் எடுக்க வேண்டும். விழும் பொருளைப் பிடிக்கப் பாய்கிற கை விசையில் (ட்ரிகரில்) பட்டுவிடக் கூடாது என்பதால் அந்த விதி. சுடும்போது விழுந்தால் அப்போதே வெளியேற வேண்டியதுதான். ரெட் டாட்டின் விளிம்பில் அன்று விழுந்த கீறலை நான் சரிசெய்யவில்லை. இன்றும் அது அங்கேயே இருக்கிறது.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த விளையாட்டில் எடுத்த புள்ளிகளை ஆன நேரத்தால் வகுத்து வருவதுதான் ஹிட் ஃபேக்டர். 32 குண்டுகள் உள்ள பெரிய சுற்றில் உச்சப் புள்ளி 160. அதில் 140 எடுத்து 20 விநாடியில் முடித்தால் 7. தளர்ந்த உறை எனக்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கை மிச்சப்படுத்தியது என்றே வைத்துக்கொண்டாலும் அந்த 7 என்பது 7.04 ஆகும், அவ்வளவுதான். அந்த 0.04-க்காக ஒரு முழுப் போட்டியையும், அதைவிட முக்கியமாகப் பக்கத்தில் நிற்பவரின் காலையும் பணயம் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் இப்போதுள்ள உறை. அதில் துப்பாக்கியைச் செருகினால், விசைக்காப்பு வளையம் அமரும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் கையை எடுப்பேன். விசை முழுவதும் உறைக்குள் மறைந்திருக்கிறது. உடலை ஒட்டிய பக்கத்தில் உறை தாழ்வாக வெட்டப்பட்டிருப்பதால் கை கைப்பிடியின் உச்சியில் தடையில்லாமல் உட்காருகிறது. வாங்கும்போது இதைப் பாருங்கள். உறைக்குள் இருக்கும்போதே சுடுவதற்கான பிடி முழுமையாகக் கிடைக்க வேண்டும். எடுத்த பிறகு விரல்களை நகர்த்திச் சரிசெய்ய வேண்டியிருந்தால் அந்த உறை உங்களுக்கு ஆகாது.

பிடிமானத்தைச் சோதிக்க நான் செய்வது இது. மேகசினைக் கழற்றி, குண்டு அமரும் அறையை இரண்டு முறை பார்த்து, காலித் துப்பாக்கியைச் செருகி, மெத்தைக்கு மேலே உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறுவேன். அசையக் கூடாது. அதே துப்பாக்கியை நேராக மேலே இழுத்தால் ஒரே மூச்சில் வர வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஸ்க்ரூவில் கால் சுற்றுதான் வித்தியாசம். ஷேடோ 2-இன் எடை மட்டுமே 1,330 கிராம். பிளாஸ்டிக் சட்டத் துப்பாக்கிக்குப் போதுமான இறுக்கம் இதற்குப் போதாது.

வேகம் எனக்குப் பெல்ட்டிலிருந்துதான் கிடைத்தது. முதல் ஆண்டு சாதாரணத் தோல் பெல்ட்டைக் கட்டியிருந்தேன். துப்பாக்கியை இழுக்கும்போது உறையும் ஒரு விரற்கடை மேலே வந்து, பிறகுதான் விட்டது. ஒவ்வொரு முறையும் கைப்பிடி வேறு வேறு இடத்தில் இருந்தது. பிறகு இரண்டடுக்குப் பெல்ட்டுக்கு மாறினேன். உள்பெல்ட் கால்சட்டையின் வளையங்களில் நுழையும், விறைப்பான வெளிபெல்ட் அதன் மேல் வெல்க்ரோவில் ஒட்டும். உறையைச் சற்றுத் தாழ்த்தித் தள்ளி நிறுத்தும் தாங்கியையும் பொருத்தினேன். ஏழு கஜத்தில் முதல் குண்டுக்கு 1.5 விநாடி எடுத்தவன் சில மாதங்களில் 1.2-க்கு வந்தேன். உறையை மாற்றவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கையைக் கொண்டுபோனாலும் கைப்பிடி அங்கேயே இருக்கிறது. தாங்கியை எவ்வளவு தள்ளலாம் என்பதை மட்டும் உங்கள் பிரிவின் விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டின் உலக அமைப்பான ஐபிஎஸ்சியின் ப்ரொடக்‌ஷன் பிரிவில் பெல்ட்டின் உட்புறத்திலிருந்து துப்பாக்கி 50 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது.

துப்பாக்கியில் மாற்றங்களுக்கு அதிகம் இடம் தரும் ஓப்பன் பிரிவில் சுடும் நண்பர் ஒருவர் தன்னுடைய டபுள் ஆல்ஃபா ரேஸ் மாஸ்டர் என்ற ஹோல்ஸ்டரை ஒரு நாள் பழகக் கொடுத்தார். அதில் உறை என்று எதுவும் இல்லை என்றே சொல்லலாம். விசைக்காப்பு வளையத்தை மட்டும் ஒரு கட்டை பிடித்துக்கொள்கிறது, பக்கத்தில் ஒரு பூட்டு நெம்புகோல். நெம்புகோலைத் திறந்தால் துப்பாக்கி எந்தத் தடையுமில்லாமல் வருகிறது. அருமையான வேலைப்பாடு. ஆனால் சுட்டு முடித்துத் திரும்பச் செருகியதும் பூட்டவும் நினைவிருக்க வேண்டும். நான் சேர்ந்தபோது என் பிரிவில் இவ்வகைக்கு அனுமதியும் இல்லை.

பூட்டு வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுட்டுவிரலால் அழுத்தித் திறக்கும் வகையைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அவசரத்தில் அழுத்திய விரல், துப்பாக்கி வெளியே வரும்போது நேராக விசைக்குள் போய்விடுகிறது. பல பயிற்சிக்கூடங்கள் அதைத் தடை செய்திருக்கின்றன. துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நீள்துப்பாக்கியோடு ஓட வேண்டிய ‘த்ரீ கன்’ போட்டிகளுக்கு (கைத்துப்பாக்கி, ரைஃபிள், ஷாட்கன் மூன்றாலும் சுடுவது), கட்டைவிரலால் திறக்கும் சஃபாரிலேண்ட் ஏஎல்எஸ் போன்றதை எடுத்துக்கொள்ளலாம். பிடிக்கும்போது கட்டைவிரல் எப்படியும் அந்த இடத்துக்குத்தான் வருகிறது.

நான்கு ஆண்டுகளில் இரண்டு பிரச்சினைகள் வந்தன. முதலாவது வெயில். ஜூலையில் ஒரு நாள் காரின் முன்கண்ணாடிக்கு அடியில் உறையை விட்டுவிட்டேன். கைடெக்ஸ் சூட்டில் இளகும் பொருள். வாய்ப்பகுதி சற்று அகன்று அந்த ‘டக்’ சத்தம் போய்விட்டது. தயாரித்தவர்களுக்கே அனுப்பி மறுபடி அச்சில் அழுத்தி வாங்கினேன். இரண்டாவது, ஸ்க்ரூ தானாகத் தளர்வது. இப்போது ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டு, ஸ்க்ரூவின் தலையிலிருந்து உறை வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். கோடு உடைந்திருந்தால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது. போட்டி நாள் காலையில் பெல்ட்டைக் கட்டுவதற்கு முன்பு அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்க்கிறேன். ஸ்க்ரூவுக்கு அடியில் உள்ள ரப்பர் வளையம் இறுகிப்போனதால் போன மாதம் அதை மட்டும் மாற்றினேன்.