மார்க்கம் புல்தரைச் சேவை: செப்டம்பருக்கு மட்டும் கூப்பிடலாம்

கனடாவில் டொராண்டோவை ஒட்டிய மார்க்கம் நகரில் இருக்கும் எங்கள் வீட்டுப் புல்தரையை ஒரு உள்ளூர் பராமரிப்புக்காரரிடம் சீசன் முழுக்க ஒப்படைத்தோம். வசந்தகால உரம் சுமார். மே மாதம் முளைத்த டான்டிலியன் களை அசரவே இல்லை. எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் புல்தரை அழகுக்காக ரசாயனக் களைக்கொல்லி அடிக்க 2009 முதல் தடை. அதனால் களைக்கு அடிப்பது இரும்புச்சத்து மருந்துதான். இலை சில மணி நேரத்தில் கறுக்கும், வேர் திரும்பத் தளிர்க்கும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆனால் செப்டம்பர் வேலை அருமை. மெஷினால் விரல் நீளத்துக்கு மண்ணைக் குத்தியெடுத்து, கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ் என்ற இரண்டு புல் வகைகள் கலந்த விதை தூவினார். மண்ணில் இன்னும் சூடு, காற்றில் குளிர்: விதைப்புக்கு இதுதான் பருவம். ரைகிராஸ் ஒரு வாரத்தில் தலைகாட்டியது, புளூகிராஸ் சாவகாசமாக வந்தது. அள்ளாமல் விட்டுப்போன மண் உருண்டைகளைப் பார்த்து அம்மாவுக்குக் கோபம். மழையில் கரைந்துவிடும் அம்மா, அதுவும் எருதான்! அடுத்த வருடம் வசந்தகாலப் பணத்தை மிச்சம் பிடித்து, இலையுதிர்காலத்துக்கு மட்டும் இவரையே அழைப்போம்.