ஏற்காடு மலைப்பாதையில் ஒரு பழைய வைப்பர் மோட்டார்

சேலம் ஊருக்குள் வைப்பர் நின்றுபோனால் வண்டியை ஓரங்கட்டி ஒரு டீ குடித்துவிட்டு மழை விட்டதும் கிளம்பலாம். அடிவாரம் தாண்டிவிட்டால் அந்த வசதி கிடையாது. 20 கொண்டை ஊசி வளைவு, எதிரே பஸ், கண்ணாடி முழுக்க மூடுபனி. என் பழைய டீசல் வண்டி எஸ்டேட்டுக்கு உரமும் சாமானும் ஏற்றிக்கொண்டு வருஷம் முழுக்க அந்த ரோட்டில்தான் ஓடுகிறது. அதன் வைப்பர் மோட்டாரை மாற்றாமல், பிரித்துச் சுத்தம் செய்து மாட்டிச் சில மழைக்காலம் போய்விட்டது. இன்னும் அதே மோட்டார்தான்.

முதலில் வேகம் குறைந்தது. பிறகு பாதி மலையில் அப்படியே நிற்கும், கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஓடும். "மோட்டார் போச்சுண்ணே, புதுசு போட்டுடுங்க" என்றார் எலக்ட்ரீஷியன். எனக்கு அதில் சம்மதமில்லை. இந்த மோட்டார்கள் பலவற்றில் உள்ளே ஒரு வெப்பக் கட்-ஆஃப் இருக்கும். சுமை அதிகமாகிச் சூடேறினால் கரண்டைத் துண்டிக்கும், ஆறியதும் மறுபடி சேர்க்கும். ஆறினால் ஓடுகிற மோட்டாரைச் செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? எதையோ இழுக்க முடியாமல் திணறுகிறது, அவ்வளவுதான்.

சோதிப்பது சுலபம். மோட்டார் சுற்றும் கையான கிராங்கிலிருந்து, வைப்பரை அசைக்கும் கம்பியான லிங்கைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட வேண்டும். என்னுடையது கிசுகிசுவென்று ஓடியது. வைப்பர் தண்டுகளைக் கையால் திருப்பினால்தான் இரண்டும் அசைய மறுத்தன. காரணம், சில்வர் ஓக் இலை. காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் அந்த மரத்தின் இலைகள் பானெட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் விழுந்து மட்கி, தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்துவிட்டன. தேங்கிய தண்ணீர், தண்டு சுற்றும் குழலான புஷ்ஷில் துருவாகிவிட்டது. போதாததற்கு மலை மூடுபனி. கண்ணாடி நன்றாக நனைந்திருந்தால் ரப்பர் வழுக்கிக்கொண்டு போகும். அரை ஈரத்தில் ஒட்டி இழுக்கும். கொட்டும் மழையைவிடத் தூறலும் பனியும்தான் மோட்டாருக்குக் கஷ்டம்.

கழற்றினதோடு மோட்டாரையும் திறந்துவிட்டேன். வைப்பரை அதன் ஓய்வு இடத்தில் நிற்கவைத்து, கண்ணாடியில் டேப் ஒட்டி அடையாளம் வைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். கிராங்க் எந்தக் கோணத்தில் இருந்தது என்று கோடு போடாவிட்டால், மாட்டிய பிறகு வைப்பர் நடுக்கண்ணாடியில் போய் நிற்கும். மோட்டாரின் காந்தக் கூட்டுக்கும் அடையாளம் வேண்டும். அரை வட்டம் திருப்பி மாட்டினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்! உள்ளே சுற்றும் பாகமான ஆர்மேச்சரை இழுக்கும்போது சில மோட்டார்களில் தண்டின் முனையிலிருந்து ஒரு குட்டி இரும்புக் குண்டு உருண்டு ஓடும். கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்வது நல்லது.

பல்சக்கரத்தில் இருந்த கிரீஸ் காய்ந்து கட்டியாகியிருந்தது. சேலத்து வெயில் பானெட்டுக்குள் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. துடைத்தெடுத்து வெள்ளை லித்தியம் கிரீஸ் வைத்தேன். ஆர்மேச்சருக்குக் கரண்ட் ஏறும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரை நைசான உப்புத்தாளால் தேய்த்து, இடுக்கில் இருந்த கார்பன் தூளைக் கீறி எடுத்தேன். ஓய்வு இடத்தில் நிறுத்தும் தகட்டின் முனைகளையும் அதே தாளால் தேய்த்தாயிற்று. தண்டுகளைத் துருவை இளக்கும் எண்ணெயில் ஊறவைத்து, வெளியே எடுத்து, புஷ்ஷைச் சுத்தம் செய்ததுதான் இதில் பெரிய வேலை. பலன் கிடைத்ததும் அங்கேதான்.

இப்போது மெதுவான வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடு மலையில் நிற்பது ஒழிந்தது. வேகமான ஓட்டத்தில் மட்டும் அவ்வப்போது ஒரு தயக்கம் தெரிகிறது. அந்த வேகத்துக்குத் தனியாக மூன்றாவது கார்பன் பிரஷ் (கம்யூட்டேட்டரில் உரசிக் கரண்ட் கொடுக்கும் துண்டு) உண்டு, என்னுடையதில் அது தேய்ந்து குட்டையாகிவிட்டது. புதுசு வாங்கி வைத்திருக்கிறேன், பற்றவைக்க வேண்டும். ரப்பரை ஐப்பசிக்கு முன்னால் மாற்றிவிடுகிறேன். மழையில் தேய்வதைவிட வெயிலில்தான் அது சீக்கிரம் விறைக்கிறது. மற்றபடி, மலையிலிருந்து இறங்கினால் பானெட்டைத் தூக்கி இலையை அள்ளிப் போடுவது பழக்கமாகிவிட்டது.