கோனன் ஓ’பிரையன் மஸ்ட் கோ: மதிக்காத ஆள் எதிரே இருந்தால்தான் சிரிப்பு

மேக்ஸ் என்ற ஸ்ட்ரீமிங் தளத்தில் 2024 ஏப்ரலில் வந்த ‘கோனன் ஓ’பிரையன் மஸ்ட் கோ’ முதல் சீசனில் நான்கே எபிசோடுகள்: நார்வே, தாய்லாந்து, அர்ஜென்டினா, அயர்லாந்து. பயண நிகழ்ச்சி என்று நம்பி உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்பதற்கெல்லாம் இதில் பதில் கிடைக்காது. செம்பட்டை முடியும் நெடுநெடு உயரமுமாக, கோனன் ஓ’பிரையன் என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொகுப்பாளர் ஊர் ஊராகப் போய் அசடு வழிகிறார், அவ்வளவே.

கோனன் 1993-ல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில், தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேன் விட்டுப்போன நள்ளிரவு அரட்டை நிகழ்ச்சியின் நாற்காலிக்கு வந்தபோது, ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் எழுத்தாளர் என்பதைத் தாண்டி அவரை யாருக்கும் தெரியாது. ஆரம்பத்தில் ஒப்பந்தத்தையே 13 வாரம், 13 வாரமாகத்தான் நீட்டினார்கள். 2009 ஜூனில் என்பிசியின் முக்கிய இரவு அரட்டை நிகழ்ச்சியான ‘டுநைட் ஷோ’ கைக்கு வந்தது. எட்டு மாதம்கூட நிறைவாக நிலைக்கவில்லை. அதன் முந்தைய தொகுப்பாளர் ஜே லெனோவுக்காக இரவு 10 மணிக்குப் போட்ட புது நிகழ்ச்சி படுத்துக்கொண்டது. அதைத் தொடர்ந்து வரும் 11 மணிச் செய்திக்கும் ஆள் குறைந்ததால் உள்ளூர் நிலையங்கள் கொதித்தன. லெனோவை 11.35-க்குக் கொண்டுவந்து, கோனனை 12.05-க்குத் தள்ளப் பார்த்தது என்பிசி. அவர் சம்மதிக்காமல் 2010 ஜனவரியில் வெளியேறினார். பிறகு 2021 வரை டிபிஎஸ் என்ற கேபிள் சேனலில் நிகழ்ச்சி. கியூபா, ஆர்மீனியா, கொரியா என்று வெளிநாட்டு ஸ்பெஷல்கள் சூடுபிடித்தது அங்கேதான்.

இந்த வெளிப்புறப் படப்பிடிப்புகளின் சூட்சுமம் ஒன்றே. கோனன் தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்வார். எதிரே நிற்பவர் அதைச் சட்டை செய்யாமல் தன் வேலையைப் பார்ப்பார். அடி எப்போதும் கோனன் மேல்தான் விழவேண்டும், ஊர்க்காரர் மேல் விழுந்தால் காட்சி செத்துப்போகும்.

புதிய தொடர் சறுக்குவதும் இங்கேதான். அவர் கதவைத் தட்டுவது, ஏற்கெனவே தன் பாட்காஸ்டில் (இணைய ஒலி நிகழ்ச்சி) தன்னோடு பேசிய ரசிகர்களின் வீட்டில். கோனனைக் கண்டதும் அவர்கள் பூரித்துப்போகிறார்கள். பார்க்க இதமாக இருக்கிறது, ஆனால் முட்டிக்கொள்ள ஆளில்லையே! அயர்லாந்து எபிசோடு தப்பிப்பது, ஐரிஷ் மொழி சீரியலான ‘ராஸ் நா ரூன்’ செட்டில் அவருக்கு ஒரு குட்டி வேடம் கொடுப்பதால். அங்கே எல்லோருக்கும் வேலை முடிந்தாகவேண்டும், இவர் இடைஞ்சல். தொடக்கத்தில் ஜெர்மன் திரைப்பட இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் கறாரான குரலில் இவரை வசைபாடுவதும் அதே கணக்குதான். அந்தச் சில வினாடிகளைத் தாண்டி ஓட்டிவிடாதீர்கள்.

புதிதாகப் பார்ப்பவர்கள் யூடியூபில் ‘டீம் கோகோ’ சேனலில் தொடங்கலாம், காசு வேண்டாம். முதலில் ஜோர்டான் ஷ்லான்ஸ்கியோடு இத்தாலி. சிரிக்கவே மாட்டேன் என்று விரதம் எடுத்ததுபோல் இருக்கும் தயாரிப்பாளர் அவர். கோனன் கத்தக் கத்த, காபியை எப்படிக் குடிக்கவேண்டும் என்று நிதானமாக வகுப்பெடுப்பார். அடுத்தது கொரியா. பிறகு புதிய தொடரின் அயர்லாந்து எபிசோடுக்கு வரலாம். 2025-ல் வந்த இரண்டாம் சீசனில் ஸ்பெயின், நியூசிலாந்து, ஆஸ்திரியா என மூன்றே எபிசோடுகள். அதை ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

2018-ல் தொடங்கிய பாட்காஸ்ட்டுக்கு நேரமில்லை என்றால் விருந்தினர் பகுதியைக்கூட விட்டுவிடுங்கள். முன்னாலும் பின்னாலும் உதவியாளர் சோனா மொவ்செசியனும் தயாரிப்பாளர் மாட் கோர்லியும் முதலாளியைக் காலை வாரும் அரட்டையைக் கேட்டால் போதும்.